ஆபீஸில் சொல்ல வேண்டுமா? சபையில் சொல்லிவிட்டுப் படும் பாடே போதும் (எச்ஐவி)

மூன்றாம்வரிசை
திங்கள், இரவு 10:42

வணக்கம். பல மாதமாக இங்கே படிப்பதோடு நிறுத்திக்கொண்டவன். இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை.

எனக்கு எச்ஐவி இருப்பது தெரிந்து 5 வருடம் ஆகிறது. மருந்து ஒருநாள் தவறியதில்லை. கடைசி நான்கு ரிப்போர்ட்டிலும் வைரஸ் அளவு ‘கண்டறியப்படவில்லை’. ஒரு கிடங்கில் சரக்கு வரவு பார்க்கும் வேலை. காலை ஷிப்ட் என்பதால் 5 மணிக்கு எழுந்து வெறும் வயிற்றில் மாத்திரை, எலும்புக்கு என்று வாங்கிய கால்சியமும் கூடவே, அப்புறம் ஓட்டம்தான். வேலையிடத்தில் ஒருவருக்கும் விஷயம் தெரியாது.

இப்போது எல்லோருக்கும் மருத்துவப் பரிசோதனை என்று சுற்றறிக்கை வந்திருக்கிறது. அடுத்த மாதம் நடக்குமாம். ‘இரத்தப் பரிசோதனை உட்பட’ என்று ஒரே வரி. என்னென்ன பரிசோதனை, ரிப்போர்ட் யார் கைக்குப் போகும், ஒன்றும் இல்லை. முந்திக்கொண்டு நானே ஹெச்ஆரிடம் சொல்லிவிடலாமா? இல்லை, அன்றைக்கு லீவு போட்டுவிடலாமா?

சொல்லிவிடலாம் என்று தோன்றும்போதெல்லாம் சபையில் நடந்தது முன்னால் வந்து நிற்கிறது. போன வருடம் பாஸ்டரிடம் தனியாகச் சொன்னேன். மனபாரம், ஒருவரிடமாவது இறக்கி வைக்க வேண்டும் போலிருந்தது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தார். நல்ல மனிதர், அதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. பத்து நாள் கழித்து ஜெபக் கூட்டத்தில் பாஸ்டரம்மா கண்ணை மூடிக்கொண்டு, ‘மூன்றாம் வரிசையில் உட்காரும் எங்கள் சகோதரனை அந்தக் கொடிய வியாதியிலிருந்து...’ என்று ஆரம்பித்தார். மூன்றாம் வரிசையில் வழக்கமாக உட்காருகிறவர்கள் மூன்றே பேர். ஒருவருக்கு 70 வயது தாண்டிவிட்டது, இன்னொருவன் பள்ளிக்கூடத்துப் பையன்.

அடுத்த வாரம் சமையல் குழுப் பட்டியலில் என் பெயர் இல்லை. ‘நீங்க கொஞ்ச நாள் ஓய்வெடுங்க பிரதர்’ என்றார்கள். எனக்கு என்ன களைப்பு? எல்லோரும் ஒரே கோப்பையில் குடிக்கும் திருவிருந்தின்போது எங்கள் வரிசை எப்படியோ கடைசி வரிசையாகிவிட்டது. யாரும் முகத்துக்கு நேராக ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதிலாவது சொல்லியிருப்பேன்.

அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


நெறியாளர்
திங்கள், இரவு 11:05

இழை திறந்திருக்கும். ஊர், சபை, நிறுவனம், மருத்துவமனைப் பெயர்களைப் போடாதீர்கள். ‘யார் மூலம் வந்தது?’ என்று யாரும் கேட்கக் கூடாது. கேட்டால் பதிவு நீக்கப்படும்.


இரவுப்பணி
செவ்வாய், காலை 6:20

தம்பி, எச்ஐவிக்கு மருந்து கொடுக்கும் ஏஆர்டி மையத்தில் 11 வருடம் நர்ஸாக இருக்கிறேன். ஹெச்ஆர் விஷயத்தை அது தெரிந்தவர்கள் சொல்லட்டும். என் கண்ணில் பட்டது வேறு. வெறும் வயிற்றில் மாத்திரையோடு சேர்த்துக் கால்சியமா? உங்கள் மாத்திரை டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்ததா? அப்படியானால் கால்சியமும் இரும்புச்சத்தும் டோலுடெக்ராவிரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மருந்து இரத்தத்தில் சேருவது குறைந்துவிடும். சாப்பாட்டோடு என்றால் இரண்டையும் சேர்த்துப் போடலாம். வெறும் வயிறு என்றால் கால்சியத்துக்கு 2 மணி நேரம் முன்னால் ஏஆர்டி மாத்திரை, அல்லது கால்சியம் போட்டு 6 மணி நேரம் கழித்து. நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் டானிக்குகளில் அலுமினியமும் மெக்னீசியமும் இருக்கும். அவற்றைச் சாப்பாட்டோடும் சேர்க்கக் கூடாது, இதே இடைவெளிதான். அடுத்த முறை மையத்துக்குப் போகும்போது கால்சியம் சாப்பிடுவதை மறக்காமல் சொல்லுங்கள்.

இனி உங்கள் சபை. எச்சிலில் எச்ஐவி பரவாது. பொதுக் கோப்பையில் திருவிருந்து எடுத்து எச்ஐவி வந்ததாக உலகத்தில் எங்கேயும் ஒரு சம்பவம்கூடப் பதிவானதில்லை. சமையலிலும் அப்படித்தான். கை வெட்டினால் கட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும், இரத்தம் பட்டதைத் தூக்கிப் போட வேண்டும். அதை யார் கை வெட்டினாலும் செய்யத்தானே போகிறோம்? 2019இல் வெளிவந்த பார்ட்னர் 2 ஆய்வைப் பாருங்கள். ஒருவருக்குத் தொற்று, துணைக்கு இல்லை, இப்படி 782 ஆண் இணைகள். தொற்றுள்ளவர் மருந்தில் இருக்கிறார், வைரஸ் அளவு ஒரு மில்லி இரத்தத்தில் 200க்குக் கீழே. ஆணுறை இல்லாத உறவு 76,000 தடவைக்கு மேல். துணையிடமிருந்து தொற்றியது ஒருவருக்கும் இல்லை. உடலுறவிலேயே தொற்றாத மனிதர் காய் நறுக்கித் தொற்றவைப்பாராம்! படித்தவர்களும் இப்படி நினைப்பதைத்தான் என்னால் தாங்க முடிவதில்லை.


சந்தேகப்பிராணி
செவ்வாய், காலை 9:48

திட்டுவார்கள் என்று தெரிந்தேதான் கேட்கிறேன். நானும் மெஷின் ஓடும் இடத்தில் வேலை பார்ப்பவன். அடிக்கடி அடிபடும். ஒருவருக்கு இரத்தம் கொட்டினால் பக்கத்தில் இருப்பவன்தான் ஓடிப்போய்ப் பிடிப்பான். அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? தெரிந்தால் ஜாக்கிரதையாக இருப்பானே. எல்லாம் ரகசியம் என்றால் எங்கள் பாதுகாப்பு?


இரவுப்பணி
செவ்வாய், மதியம் 1:15

நியாயமான கேள்வி, திட்ட மாட்டேன்.

நீங்கள் யாரைப் பார்த்துப் பயப்பட வேண்டும், சொல்லுங்கள். தினமும் மருந்து சாப்பிட்டு வைரஸ் அடங்கிக் கிடக்கும் இந்தத் தம்பியையா, தனக்குத் தொற்று இருப்பதே தெரியாமல் பக்கத்து மெஷினில் நிற்பவரையா? ஐ.நா. எய்ட்ஸ் அமைப்பின் 2023ஆம் ஆண்டுக் கணக்குப்படி உலகத்தில் எச்ஐவியுடன் வாழ்பவர்கள் சுமார் 3 கோடியே 99 லட்சம் பேர். அதில் 100க்கு 86 பேருக்குத்தான் தன் நிலை தெரியும். மீதி 14 பேரின் பெயர் எந்தப் பட்டியலிலும் வராது. பட்டியலை நம்பி ஒருவருக்குக் கையுறை போட்டு இன்னொருவரை வெறுங்கையால் பிடித்தீர்கள் என்றால் ஆபத்து அந்த வெறுங்கையில்தான்.

அதனால்தான் ஆஸ்பத்திரியில் நாங்கள் எல்லார் இரத்தத்தையும் ஒரே மாதிரி நடத்துகிறோம். முதலுதவிப் பெட்டியில் கையுறை இருக்கிறதா? கடைசியாக யார் பார்த்தது? இதைக் கேளுங்கள் உங்கள் சூபர்வைசரிடம். சிகிச்சையில் இல்லாதவரின் இரத்தம் உள்ள ஊசி ஆழமாகக் குத்தினாலே தொற்றும் வாய்ப்பு ஆயிரத்துக்கு மூன்று அளவுதான். அப்படியும் சந்தேகம் என்றால் 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மாத்திரை ஆரம்பித்து 28 நாள் சாப்பிட வேண்டும். எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு நல்லது. இதை உங்கள் தொழிற்கூடத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்?


சந்தேகப்பிராணி
செவ்வாய், மதியம் 1:31

பெட்டியில் கையுறை இல்லை. இப்போதுதான் போய்ப் பார்த்தேன். ஒரு பிளாஸ்டர் சுருளும் யாரோ விட்டுப்போன சாவியும் இருக்கிறது.


கோப்புக்காரன்
செவ்வாய், இரவு 8:57

ஹெச்ஆரில் 19 வருடம் குப்பை கொட்டியவன். மூன்றாம்வரிசை, லீவு போடாதீர்கள், முந்திக்கொண்டு சொல்லவும் வேண்டாம். சுற்றறிக்கைக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். மூன்று கேள்வி போதும்: பரிசோதனைகளின் பட்டியல் என்ன, ரிப்போர்ட் யாரிடம் போகும், விருப்பமில்லாத பரிசோதனையை மறுக்கலாமா. காரணம் சொல்ல வேண்டியதில்லை. தனியாகக் கேட்கக் கூச்சமாக இருந்தால் துணை தேடுங்கள். சர்க்கரை உள்ளவர், கர்ப்பமாக இருப்பவர், மனநல மருந்து எடுப்பவர் என்று எந்த ஆபீஸிலும் இதே கேள்வியை நெஞ்சில் வைத்துக்கொண்டு நாலு பேர் இருப்பார்கள்.

இதற்கு உலக அளவில் விதி இருக்கிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2001இல் நடைமுறைக் கோவை ஒன்றும், 2010இல் 200ஆம் எண் பரிந்துரையும் கொண்டுவந்தது. வேலைக்காக எச்ஐவி பரிசோதனையைக் கட்டாயமாக்கக் கூடாது, தன் நிலையைச் சொல்லும்படி யாரையும் வற்புறுத்தக் கூடாது, தொற்று என்பதற்காக வேலையிலிருந்து நீக்கக் கூடாது, தெரியவந்த தகவலை ரகசியமாக வைக்க வேண்டும். பரிந்துரைதானே, கட்டுப்படுத்தாதே என்பார்கள். சரி, சட்டமாகவே உள்ள நாடுகளும் உண்டு. இந்தியாவில் 2017இல் எச்ஐவிக்கென்றே சட்டம் போட்டு, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. வேலைக்கு முன்நிபந்தனையாகப் பரிசோதனை கேட்பதைத் தடுக்கிறது. 100 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனத்தில் புகார் அதிகாரி இருக்க வேண்டும். பிரிட்டனில் 2010 சமத்துவச் சட்டப்படி தொற்று உறுதியான நாளிலிருந்தே பாதுகாப்பு. மருத்துவமனை நாட்களுக்கு நேரம் ஒதுக்கித் தருவதுபோன்ற வசதிகளைக் கேட்க அங்கே உரிமை உண்டு. உங்கள் நாட்டில் என்ன என்று ஒரு தொழிலாளர் வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

‘மற்ற ஊழியர்கள் பயப்படுகிறார்கள், நாங்கள் என்ன செய்ய?’ என்பது முதலாளிகளின் பழைய பாட்டு. கிரேக்க நாட்டில் ஒரு சிறிய நிறுவனத்தில் இதுதான் நடந்தது. ஒருவருக்குத் தொற்று என்று தெரிந்ததும் ஏறக்குறைய பாதி ஊழியர்கள் கையெழுத்துப் போட்டு அவரை அனுப்பச் சொன்னார்கள். நிறுவனத்தின் மருத்துவர் வந்து ஆபத்தில்லை என்று விளக்கிப் பார்த்தார், அடங்கவில்லை. அனுப்பிவிட்டார்கள். அந்த நாட்டு உச்ச நீதிமன்றமே நிறுவனத்தில் அமைதி திரும்பத்தான் செய்தார்கள் என்று முதலாளி பக்கம் நின்றது. கடைசியில் 2013இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அது பாகுபாடுதான் என்று தீர்ப்பளித்தது. தென்னாப்பிரிக்காவில் விமானப் பணியாளர் வேலைக்கு எல்லாத் தேர்வும் தேறிய ஒருவரை எச்ஐவி என்று நிராகரித்தார்கள். 2000இல் அரசியல் சாசன நீதிமன்றம் அவரை வேலைக்கு எடுத்தே ஆக வேண்டும் என்றது. மற்றவர்களின் பயமும் தப்பெண்ணமும் ஒருவருக்கு வேலையை மறுக்கக் காரணமாகாது என்பதுதான் இரண்டு வழக்கிலும் சாரம்.

இவ்வளவு பேசுகிறேன், என் கை சுத்தம் இல்லை. பல வருடம் முன்பு எங்களிடம் எல்லோரும் பார்க்கும்படி ஒரு லீவுப் பட்டியல் இருந்தது. கடைசி நெடுவரிசை ‘காரணம்’. ஒரு பையன் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரைநாள் கேட்பான். மருத்துவச் சீட்டைப் பார்த்து அதில் இருந்த மையத்தின் பெயரை அப்படியே அந்த நெடுவரிசையில் தட்டச்சு செய்தேன். கெட்ட எண்ணம் துளியும் இல்லை. கட்டம் காலியாக இருந்தது, நிரப்பினேன். அந்தப் பெயரைப் பார்த்தாலே என்ன நோய் என்று தெரியும். நாலு நாளில் அவன் மேஜையில் இருந்த தண்ணீர் ஜக்கை யாரும் தொடுவதில்லை என்று கேள்விப்பட்டேன். ஒரு மாதத்தில் ராஜினாமா. அவன் கடிதத்தில் ‘சொந்தக் காரணம்’ என்று இருந்தது. அதையும் நான்தான் கோப்பில் வைத்தேன்.

பிறகு அந்த நெடுவரிசையை எடுத்துவிட்டோம். ‘மருத்துவ விடுப்பு: ஆம் / இல்லை’, அவ்வளவுதான். சீட்டு ஒரே ஒருவர் கையில், பூட்டிய அலமாரியில்.


உப்புக்கல்
புதன், காலை 7:33

சபை பற்றி நான் பேசுவேன். கோபமாக இருக்கும், மன்னியுங்கள்.

என் தம்பிக்கு ரிப்போர்ட்டில் ‘கண்டறியப்படவில்லை’ என்று வந்தது. மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். அந்தத் தாளை அவன் நம்பிக்கையோடு கொண்டுபோய் சபைத் தலைவரிடம் காட்டினான். அடுத்த சுகமளிக்கும் கூட்டத்தில் அவனை மேடையேற்றி, அந்தத் தாளைத் தூக்கிப் பிடித்து, வைரஸ் இல்லை, பரிபூரண சுகம் என்றார்கள். கூட்டம் முழுக்க ஸ்தோத்திரம். ‘சுகமானவனுக்கு மாத்திரை எதற்கு? அது அவிசுவாசம்’ என்று பின்னால் நின்ற ஒருவர் சொன்னாராம். யார் என்று இன்றுவரை தெரியாது.

அவன் விட்டான். எங்களிடம் சொல்லவில்லை. ஏழு மாதம் கழித்து டிபியோடு ஆஸ்பத்திரியில் பார்த்தேன், 41 கிலோ. பிழைத்துவிட்டான், தேவனுக்கும் டாக்டருக்கும் நன்றி. ஆனால் ஒரு காது கேட்காது.

மேடையில் தூக்கிப் பிடித்த அந்தத் தாளில் அடியில் சின்ன எழுத்தில் ‘மருந்தைத் தொடரவும்’ என்று இருந்தது. யாரும் அதுவரை படிக்கவில்லை.


இரவுப்பணி
புதன், காலை 8:02

அக்கா, இந்தக் கதையை வெவ்வேறு முகங்களில் பார்த்திருக்கிறேன். மற்றவர்களுக்காக மட்டும் ஒரு வரி. மருந்து, ஓடிக்கொண்டிருக்கும் வைரஸை அடக்குகிறது. உறங்கும் வைரஸ், நோய் எதிர்ப்புக்கான சிடி4 செல்களுக்குள் ஒளிந்தே இருக்கும். மருந்தை விட்டால் பெரும்பாலோருக்கு 2 முதல் 4 வாரத்தில் இரத்தத்தில் மறுபடி தலைகாட்டும். ஸ்மார்ட் என்ற பெரிய ஆய்வில் 5,472 பேரை வைத்துப் பார்த்தார்கள். சிடி4 எண்ணிக்கையைப் பார்த்து மருந்தை விட்டுவிட்டு எடுத்தவர்களுக்கு நோயும் சாவும் கூடியதால் 2006இல் அதைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். ஜெபியுங்கள், நானும் ஜெபிக்கிறவள்தான். மாத்திரையை விழுங்கிவிட்டு ஜெபியுங்கள்.


ஞாயிறுபிரசங்கி
புதன், இரவு 11:40

ஒரு சிறிய சபையின் போதகர் நான். இந்த இழையை மூன்று முறை படித்தேன். உப்புக்கல் அக்கா, பதில் சொல்ல எனக்கு வாயில்லை. மூன்றாம்வரிசை தம்பி, உங்கள் பாஸ்டர் செய்ததை நானும் செய்திருக்கிறேன். மனைவியிடம் சொன்னால் அது வெளியே சொன்னதாகாது என்று ஊழியர்கள் பலர் நினைக்கிறோம். ‘சேர்ந்து ஜெபிக்கத்தானே’ என்று நமக்கு நாமே சமாதானம். ஜெபக் குறிப்பு என்ற உறையில் போட்டால் எந்த வம்பும் பரிசுத்தமாகிவிடுகிறது.

ஒரு காலத்தில் நான் இதைப் பாவத்தின் சம்பளம் என்று பிரசங்கித்தவன். ஒரு ஞாயிறு அப்படிப் பேசி முடித்ததும் ஒரு விதவைத் தாய் எழுந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். திரும்ப வரவில்லை. கணவர் மூலம் அவருக்கும், பிறக்கும்போது பிள்ளைக்கும் வந்திருந்தது என்று வெகுநாள் கழித்துத் தெரிந்தது. பிறவிக் குருடனைப் பார்த்து, யார் செய்த பாவம் என்று கேட்ட சீஷர்களின் வரிசையில் நானும் நின்றிருக்கிறேன். இவனும் பாவம் செய்யவில்லை, இவனைப் பெற்றவர்களும் செய்யவில்லை என்று இயேசு சொன்ன பதில் சபைக்குப் போகிற எல்லோருக்கும் தெரியும்.

என்னை மாற்றியது உகாண்டாவின் ஆங்கிலிக்கன் குரு கிடியோன் பியாமுகிஷாவைப் பற்றிப் படித்தது. 1992இலேயே தனக்குத் தொற்று இருப்பதை வெளிப்படையாகச் சொன்ன குருவானவர். ஆப்பிரிக்காவில் அப்படிச் சொன்ன முதல் மதத் தலைவர் அவர்தான் என்பார்கள். பிறகு தொற்றுடன் வாழும் மதத் தலைவர்களுக்காக ஒரு வலையமைப்பே உருவானது. ‘விலகியிரு, உண்மையாயிரு, முடியாவிட்டால் ஆணுறை’ என்ற பழைய பாடத்தில் ஒரு கோளாறு இருப்பதை அவர்கள்தான் எடுத்துச் சொன்னார்கள். தொற்று வந்தவர் எல்லாம் இந்த மூன்றில் எதிலோ தவறியவர் என்று அது மறைமுகமாகக் குற்றம் சாட்டுகிறது. அந்தத் தாய் எதில் தவறினார்? அவர்கள் வைத்த மாற்றுப் பாடத்தில் பாதுகாப்பான நடைமுறை, மருந்து கிடைத்தல், தானாக முன்வந்து பரிசோதித்தல், அறிவால் வலுப்பெறுதல் இவைதான் இருக்கின்றன. குற்றப் பத்திரிகை கிடையாது.

எங்கள் சபையில் செய்தவற்றைச் சொல்கிறேன், பெரிதாக ஒன்றுமில்லை. ஜெபக் குறிப்புச் சீட்டில் மூன்று கட்டங்கள் போட்டோம்: போதகருக்கு மட்டும், ஜெபக் குழுவுக்கு, எல்லோருக்கும். ‘போதகருக்கு மட்டும்’ என்றால் என் மனைவிக்கும் கிடையாது. முதல் மாதம் வீட்டில் கொஞ்சம் மனஸ்தாபம்தான். திருமணத்துக்கு முன் எச்ஐவி சான்றிதழ் கேட்டு வாங்கிக் கோப்பில் வைக்கும் வழக்கம் இருந்தது, அதை நிறுத்தினோம். இருவரும் ஆலோசனை பெற்றுப் பரிசோதித்துக்கொள்ளச் சொல்கிறோம், முடிவு அவர்கள் இருவருக்குள். பரிசோதனை முகாம் வைத்தபோது முதலில் கை நீட்டியது நான், இரண்டாவது எங்கள் மூத்த மூப்பர். அவர் 74 வயதில் என்னத்துக்கு என்று முணுமுணுத்துக்கொண்டேதான் வந்தார். சாட்சி சொல்கிறவர் மருந்து சாப்பிடுகிறவர் என்றால், மருந்தைத் தொடர்கிறேன் என்பதையும் சாட்சியில் சொல்ல வேண்டும் என்பது எழுதாத விதி. உப்புக்கல் அக்கா, இனி அதை எழுதியே வைக்கப் போகிறேன்.


கோப்புக்காரன்
வியாழன், காலை 9:10

பாஸ்டர் ஐயா, ‘போதகருக்கு மட்டும்’ கட்டத்தைத் திருடி எங்கள் லீவுப் படிவத்தில் போட்டுக்கொள்கிறேன்.


எட்டுமணிமாத்திரை
வியாழன், இரவு 9:26

நான் சொன்னவள். ஆபீஸில். அதனால் என் பங்குக்கு.

2011இல் மருந்து ஆரம்பித்தபோது எனக்குக் கிடைத்தது எஃபாவிரென்ஸ் சேர்ந்த மாத்திரை. இப்போது புதியவர்களுக்கு அது அரிது. இரவு படுக்கும்போது போட வேண்டும். போட்டால் தலை சுற்றும், சினிமா போலக் கனவு வரும். எனக்கோ வாரத்தில் மூன்று நாள் இரவு ஷிப்ட், வாடிக்கையாளர் அழைப்பு எடுக்கும் வேலை. இரவு 10 மணிக்கு மாத்திரை போட்டுவிட்டு 11 மணிக்கு ஒருவர் பில் பிரச்சினையைச் சொல்லச் சொல்ல எழுத்தெல்லாம் திரையில் நீந்தும். இரண்டு முறை எழுத்தில் எச்சரிக்கை வாங்கினேன். மூன்றாவது வாங்கினால் வேலை போய்விடும். வேறு வழியில்லாமல் டீம் லீடரிடம் சொன்னேன்.

அவர் அனுதாபப்படவில்லை. அழவில்லை. யார் மூலம் என்று கேட்கவில்லை. கேட்டது ஒன்றே: ‘எந்த நேரத்தில் ஷிப்ட் போட்டால் உனக்குச் சரியாக வரும்?’ மறுநாளே மூன்று மாதத்துக்குப் பகல் ஷிப்ட். மற்றவர்கள் கேட்டபோது ‘நான் போட்டேன், என் முடிவு’ என்றார். என்னிடம் யாரும் கேட்காதபடி அவர் அதைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். பிற்பாடு மருந்து மாறியது, கனவும் நின்றது.

சபையில் எனக்குக் கிடைத்ததோ நேர்மாறு. அணைத்துக்கொண்டார்கள், அழுதார்கள், கூடை நிறையப் பழம் கொண்டுவந்தார்கள். அப்புறம் என் பெண்ணை வேறொரு பிள்ளையோடு விளையாட விடவில்லை. பழக்கூடைக்கு நன்றி சொல்வதா, பிள்ளைக்குப் பதில் சொல்வதா?

இத்தனை வருடத்தில் எனக்குப் பட்டது இதுதான். நோயைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. நோய் உள்ள ஆளைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். என் டீம் லீடர் இதைத் தலைகீழாகச் செய்தார். அடுத்த மாதம் யார் பெயரும் இல்லாமல் ஒரு மருத்துவரை அழைத்து மொத்தத் தளத்துக்கும் ஒரு மணி நேரம் பேச வைத்தார். கோப்பை, கழிவறை, கொசு என்று எல்லா அபத்தக் கேள்வியும் அங்கேயே கேட்டுத் தீர்ந்தது. கொசு கேள்வியைக் கேட்டது நான்தான்! யாராவது கேட்க வேண்டுமே.

மூன்றாம்வரிசை, வேலைக்கு இடைஞ்சல் இல்லாதவரை சொல்லாதீர்கள். சொல்ல நேர்ந்தால், எதற்காகச் சொல்கிறோம், என்ன வேண்டும் என்பதை முதல் வாக்கியத்திலேயே வையுங்கள். ‘எனக்கு எச்ஐவி’ என்று நிறுத்தினால் எதிரே இருப்பவர் மீதியைத் தன் பயத்தால் நிரப்பிக்கொள்வார்.


சந்தேகப்பிராணி
வெள்ளி, காலை 10:17

கையுறை வந்துவிட்டது. இரண்டு பெட்டி. எதற்கு என்று மேனேஜர் கேட்டார், எல்லோருக்கும் என்றேன்.

இன்னும் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. பயம் ஒரே நாளில் போகாது, பொய் சொல்ல விருப்பமில்லை. ஆனால் பக்கத்து மெஷின்காரன் பெயர் தெரிந்து என்ன செய்யப் போகிறேன் என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.


கோப்புக்காரன்
வெள்ளி, மதியம் 12:05

நேர்மையான பதில். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 50 நாடுகளில் 55,000 பேருக்கு மேல் கேட்டு 2021இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், தொற்று உள்ளவர்களைத் தொற்று இல்லாதவர்களோடு நேரடியாக வேலை செய்ய விடக் கூடாது என்றவர்கள் பத்துக்கு ஏறக்குறைய நான்கு பேர். அந்த நால்வரும் கெட்டவர்கள் இல்லை. நீங்கள் கேட்ட மாதிரி அவர்கள் யாரிடமும் கேட்டதில்லை.


மூன்றாம்வரிசை
மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 9:50

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

மின்னஞ்சலை நான் தனியாக அனுப்பவில்லை. சர்க்கரை உள்ள ஒரு அண்ணன், கணக்குப் பிரிவில் ஒரு அக்கா, நான், மூவரும் சேர்ந்து அனுப்பினோம். அந்த அக்காவுக்கு என்ன காரணம் என்று நான் கேட்கவில்லை, அவரும் என்னைக் கேட்கவில்லை. நாலு நாளில் பட்டியல் வந்தது. 14 வரி. இரண்டு முறை விரல் வைத்துப் படித்தேன், எச்ஐவி இல்லை. ரிப்போர்ட் ஒட்டிய உறையில் நம் கைக்கே வருமாம். நிறுவனத்துக்கு ‘பணிக்குத் தகுதி’ என்ற ஒற்றை வரிதான். படிவத்தில் ‘தொடர்ந்து மருந்து எடுக்கிறீர்களா?’ என்று ஒரு கேள்வி இருந்தது. கோப்புக்காரன் தனிமடலில் சொன்னபடி ‘ஆம், விவரம் மருத்துவரிடம் மட்டும்’ என்று எழுதினேன். யாரும் திருப்பிக் கேட்கவில்லை. சூபர்வைசரிடம் 6 மாதத்துக்கு ஒருமுறை மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று மட்டும் சொன்னேன். ‘சரி, ஸ்டாக் எடுக்கும் நாளாக இல்லாமல் பார்த்துக்கோ’ என்றார்.

சபையில் அவ்வளவு சுலபமாக இல்லை. ஞாயிறுபிரசங்கி ஐயா எழுதியதை அச்செடுத்து எங்கள் பாஸ்டரிடம் கொடுத்தேன். அங்கேயே நின்றுகொண்டு படித்தார். ‘நான் அவளிடம் சொல்லியிருக்கக் கூடாது’ என்றார். அன்று மாலை பாஸ்டரம்மா வீட்டுக்கு வந்து அழுதார். கடைசியில் நான்தான் அவருக்குத் தண்ணீர் கொடுத்துச் சமாதானம் சொல்ல வேண்டியதாகிவிட்டது. மன்னித்துவிட்டேனா என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். உண்மையாகவே தெரியவில்லை.

வருகிற மாதம் ஒரு மருத்துவர் வந்து பேசப் போகிறார். கொசு கேள்வியை நான் கேட்கலாம் என்றிருக்கிறேன். சமையல் குழுப் பட்டியலில் என் பெயர் மறுபடி வந்திருக்கிறது. இன்று போனேன். காயும் கத்தியும் கொடுத்தார்கள். இரண்டு பேர் வழக்கம்போல் பக்கத்தில் நின்று பேசினார்கள், ஒருவர் மேஜையின் அந்தப் பக்கம் நகர்ந்துகொண்டார். நான் நறுக்கினேன்.


இரவுப்பணி
ஞாயிறு, இரவு 10:11

எல்லாம் சரி தம்பி. கால்சியம்?


மூன்றாம்வரிசை
ஞாயிறு, இரவு 10:13

மத்தியானச் சாப்பாட்டோடு மாற்றியாகிவிட்டது அக்கா. போன வாரம் மையத்திலும் சொல்லிவிட்டேன்.